ஏழு விழாத இயந்திரம்

அக்கா,

நேற்று நாமக்கல்லில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் டயர் ரீட்ரெடிங் பட்டறை ஒன்று. சூடான ரப்பர் வாசனை சாலையைத் தாண்டி வந்தது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு பட்டறைக்குள்தான் ஒருநாள் நீங்கள் துணிப்பையோடு நுழைந்தீர்கள். நான் உங்கள் பின்னால் வந்தேன். ஆளுயரத்துக்கு லாரி டயர்கள் அடுக்கியிருந்தன. பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் நான்கு உருளைகளை எடுத்து மேஸ்திரியின் முன்னால் வரிசையாக வைத்தீர்கள். நடுவில் இரும்புத் தண்டு, மேலே ரப்பர். ரப்பர் இறுகி, வெடித்து, தொட்டால் உதிர்ந்தது.

மேஸ்திரி உருளையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "இது எந்த வண்டிக்குங்கக்கா?"

"வண்டிக்கு இல்லீங்க. கார்டுல ஓட்ட போடற மெஷினுக்கு. லாரிக்குப் போடறாப்புல இதுக்கும் ஒரு சுத்து ரப்பர் போட்டுக் குடுங்க."

"இத்தினியூண்டுக்கா?"

"பெரிசு போடத் தெரிஞ்சவியளுக்குச் சின்னது வராதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பத்து நாளில் போட்டும் கொடுத்துவிட்டார். நாம் அந்த உருளைகளை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே திரும்பி வந்தோம். புதுச் செருப்பு வாங்கிய பிள்ளைகள் போல.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் உங்கள் காடு தோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், மாடுகளைப் பற்றிப் பேசினார்கள், மாமா போர்வெல் ரிக் வண்டியோடு வெளியூர் போயிருந்த காலத்தில் நீங்கள் ஒற்றை ஆளாகக் குடும்பத்தை நடத்தியதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். மெஷினைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில், சேலத்து மில் ஒன்றில், ஒரே திங்கட்கிழமை நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நீங்கள் மல்லசமுத்திரத்துப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வருவேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே அக்கா ஆனீர்கள். நீங்கள் என்னை அம்மிணி என்றீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

மில்லில் அந்த அறைக்குப் பன்ச் ரூம் என்று பெயர். எட்டு இயந்திரங்கள், எட்டுப் பெண்கள். ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மேசை அளவு. தட்டச்சுப் பொறி போல எழுத்துப் பலகை இருக்கும். ஒரு எண்ணைத் தட்டினால், உள்ளே இருக்கும் பன்னிரண்டு எஃகுப் பின்களில் அதற்குரிய பின் இறங்கி, தடித்த அட்டையில் ஓட்டை போடும். ஏழைத் தட்டினால் ஏழாம் எண்ணுக்குரிய பின். மில்லில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் வருகையும் இப்படி ஓட்டைகளாகி, பெட்டி பெட்டியாகக் கோயம்புத்தூருக்குப் போகும். அங்கே இருந்த பெரிய இயந்திரம் அதைப் படித்துத் தாளில் அடித்துத் தரும்.

மற்ற ஏழு பேருக்கும் அது வேலை. உங்களுக்கு அப்படி இல்லை. பழுது பார்க்கிறவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூடியைத் திறந்தால், நாங்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். நீங்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். "இந்தப் பெல்ட்டு எதைச் சுத்துதுங்க? அந்தக் காந்தம் எதை இளுக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். முதல் வருடம் அவர் எரிந்து விழுந்தார். மூன்றாம் வருடம், "அம்மா, அந்த ஸ்க்ரூடிரைவர எடுங்க" என்று உங்களிடமே கை நீட்டினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மில்லுக்கே கம்ப்யூட்டர் வந்தது. கார்டு வேண்டாம், திரையைப் பார்த்து நேரடியாகத் தட்டினால் போதும் என்றார்கள். குளிர்சாதன அறைக்குள் மூன்று பேர்தான் போகலாம். முப்பதைத் தாண்டியவர்களுக்குப் புதுசு பழகாது, கை முரடு தட்டியிருக்கும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். என்னை எடுத்துக்கொண்டார்கள். உங்களை டெஸ்பாட்சுக்கு அனுப்பினார்கள். எங்களில் வேகமாகத் தட்டக்கூடியவர் நீங்கள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். நூல் பண்டல்களில் ஊர்ப்பெயர் எழுதி ஒட்டுகிற வேலையை உங்களுக்குக் கொடுத்தார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் பாத்திரத்திலிருந்து பருப்பை எடுத்து என் சோற்றில் போட்டீர்கள். "போய் நல்லாப் பளகிக்க அம்மிணி. அதுக்குள்ளாற என்ன இருக்குதுன்னு எனக்கும் வந்து சொல்லோணும்" என்றீர்கள்.

எட்டு இயந்திரங்களும் கழிவுப் பஞ்சு போடுகிற கொட்டகைக்குப் போயின. அவற்றில் ஏழு பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய வாரம், அந்தக் கொட்டகையையும் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினோம். கூரைத் தகடுகளைப் பாதி கழற்றியிருந்தார்கள். மூலையில் ஒரே ஒரு இயந்திரம், நனைந்துகொண்டு. ஜன்னலோரம் இருந்த மூன்றாம் நம்பர். நீங்கள் உட்கார்ந்திருந்தது.

ஸ்டோர் அதிகாரியிடம் போய் நின்றீர்கள். அவர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துக்கிட்டா எடுத்துக்குங்க. இல்லன்னா சம்மட்டியால ஒடச்சு இரும்புக்குப் போட்டுருவாங்க" என்றார். எடுத்துப்போய் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு ஆள் கனம் இருக்கிற அந்த இரும்பை எப்படி எடுத்துப்போவது என்று நான் விழித்தபோது நீங்கள் சிரித்தீர்கள். மழைக்காலம் என்பதால் மாமாவின் ரிக் வண்டி ஊர் திரும்பியிருந்தது. வியாழக்கிழமை மதியம், ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடுகிற அந்தப் பெரிய வண்டி, கம்பத்தைப் படுக்கவைத்துக்கொண்டு, உறுமிக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றது. வாட்ச்மேன் பதறிப்போனார். "ஏம்மா, மில்லுக்குள்ள போர் போடப்போறாங்களா? எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

ரிக் கம்பத்தை நிமிர்த்தி, இரும்புக் கயிற்றைக் கட்டி, இயந்திரத்தை மெதுவாகத் தூக்கினார்கள். மழைத் தூறலில் அது அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. அடியிலிருந்து கார்டுத் துணுக்குகள் வெள்ளையாகக் கொட்டின. மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, நாங்க பூமியில ஓட்ட போடறோம். இது கார்டுல ஓட்ட போடுது. ரெண்டும் ஒரே தொழிலுதானுங்க?"

"ஆமாங்க மாமா."

"அப்பச் செரி. தொழில்காரனத் தொழில்காரன் கைவிடக் கூடாதுங்க."

உங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமுக்குள் அதை இறக்கினோம். பாதி அறை பம்புசெட்டுக்கு, பாதி அறை மெஷினுக்கு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் இரண்டு பஸ் மாறி மல்லசமுத்திரம் வந்துவிடுவேன்.

முதல் நாள் பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. மில் கார்டுகளைக் கடித்துத் துண்டுதுண்டாக்கி மெத்தை போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் படித்தீர்கள். "ஸ்பின்னிங், ரெண்டாம் ஷிப்ட். பேரு மட்டும் எலி தின்னுபோட்டுது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

கடித்துப்போட்ட ஒயர்களுக்குப் பதில் லாரி ஒயர் போட்டோம். துருப்பிடித்த பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கார்டில் குத்தி வைத்து, எங்கேயிருந்து எடுத்தது என்று பக்கத்தில் எழுதினீர்கள். உருளைகளுக்கு ரப்பர் போட்டதும் அப்போதுதான். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, பகல் கரண்ட் வந்திருந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டீர்கள். மோட்டார் முனகியது, இருமியது, பிறகு ஒரே சீராகச் சுற்றத் தொடங்கியது. நீங்கள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள்.

அடுத்த ஞாயிறு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அன்று யாரோ உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று ஆள் வர, நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். நான் தனியாக ஒரு கார்டை உள்ளே விட்டேன். பின்கள் இருக்கிற இடத்தில் அது மாட்டிக்கொண்டது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி மேல்பாகத்தைத் தூக்கினால் கார்டு தானாக வந்துவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் நீங்கள் வருவதற்குள் சரிசெய்து, ஒரு முழுக் கார்டை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை. ரம்பத் தகடு ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பினேன்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கார்டு வந்துவிட்டது. நான் மூடியைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் மோர்ச் சொம்போடு வந்தீர்கள். உட்கார்ந்து ஒன்றிலிருந்து வரிசையாகத் தட்டினீர்கள். ஆறு வரைக்கும் விழுந்தது. எட்டு விழுந்தது, ஒன்பது விழுந்தது. நடுவில் ஓர் இடம் வெள்ளையாக இருந்தது.

"ஏழு விழுகல அம்மிணி."

மேல்பாகத்தைக் கழற்றிப் பார்த்தீர்கள். பின்னின் முனை முறிந்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "நேத்து நாந்தான் துரு போகோணும்னு இதைத் தட்டித் தட்டி எடுத்தேன். அப்பவே விரிசல் உட்டிருக்கும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "இருக்கும்க்கா" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. குளிர்சாதன அறை எனக்குக் கிடைத்துவிட்டது. உங்களுக்கு மிஞ்சியது இந்த ஓர் இயந்திரம். அதையும் நான் உடைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒரு வாரம் போகட்டும், ஏதாவது வழி பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டிக்குச் சாமான் வாங்க ஊருக்கு வந்திருந்த மாமா அந்தப் பின்னை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு லேத் பட்டறைக்குப் போனார். ரிக் வண்டிக்கு வேண்டிய எதையும் கடைந்து தருகிறவர்கள் அவர்கள். ஊசியில் செய்து பார்த்தார்கள், வளைந்தது. டிரில் பிட்டில் செய்து பார்த்தார்கள், முறிந்தது. கார்டில் இங்கிலீஷ் எழுத்தும் இந்த ஓட்டைகளாலேயே ஆனது. மாமாவின் பெயர் தொடங்குகிற பி என்ற எழுத்துக்கும் ஏழாம் ஓட்டை வேண்டும். "அப்ப என்ற பேரே விழாதுங்களா?" என்று அவர் கேட்டபோது எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இயந்திரத்தைத் தொடுவதையே விட்டுவிட்டீர்கள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுப்பீர்கள். "நீயே திருப்பு" என்பீர்கள். மூன்றாம் ஞாயிறு, தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கைகழுவும்போது, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "ஆபீஸ்ல சொன்னது செரிதான் போல. கை மொரடு தட்டிப்போச்சு."

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அந்த வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபீஸில் கண்ணில் பட்ட எல்லாரிடமும் விசாரித்தேன். இதே மாதிரி இயந்திரம் வேறெங்காவது இருக்கிறதா? ஆத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் சொன்னாள். அங்கே ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் முன்பு பன்ச் பயிற்சியும் கொடுத்தார்களாம். இயந்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

அந்த வாரமே இருவரும் லீவு போட்டுவிட்டு ஆத்தூர் போனோம். இன்ஸ்டிட்யூட் நடத்தியவருக்கு அறுபது வயதிருக்கும். டைப் அடிக்கிற சத்தம் முன்னறையில் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னறையில் அந்த இயந்திரம் நின்றது. அதன்மேல் குடிதண்ணீர்ப் பானை. பானைக்கு அடியில் துணி மடித்துப் போட்டு, மீதி இடமெல்லாம் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

நீங்கள் விஷயத்தைச் சொன்னீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஓடற மெஷினும்மா இது. படிக்கத்தான் ஆள் வரதில்ல. முழுசா இருக்கறதுல ஒரு பின்ன எடுத்துட்டா அப்புறம் இதுவும் கொறதானே?" பிறகு கேட்டார். "உங்களது எப்படி ஒடஞ்சுது? ஒடச்ச கையிலயே மறுபடியும் குடுக்கறதுக்கு எனக்கு மனசு வரணுமில்ல?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். "என்ற கைத் தப்புதானுங்க. தட்டக்கூடாத எடத்துல தட்டிப்போட்டேன். இனி நான் தொடறதில்லீங்க. இந்த அம்மிணிதான் பாத்துக்கும்."

அவருக்கு முன்னால், முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு முன்னால், நீங்கள் அப்படி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா இல்லீங்க. நான்தான். ரம்பத் தகட்ட விட்டு நெம்பினேன். நான்தான் ஒடச்சேன். அக்காவுக்குத் தெரியாது."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கோபமா என்று தேடினேன். கோபம் இல்லை. கணக்கு ஒன்றை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறவர் முகம் போல இருந்தது.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பானையை இரண்டு கைகளாலும் தூக்கி இறக்கி வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்து அவரே கழற்றத் தொடங்கினார். பின்னை எடுத்து எண்ணெய் தொட்டு, மாத்திரை சுற்றியிருந்த காகிதத்தில் மடித்து உங்களிடம் கொடுத்தார். "ஓடினா ஒரு கடுதாசி போடுங்கம்மா. நான் வந்து ஒரு கார்டு அடிச்சுப் பாக்கணும். அடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம். மரவள்ளிக் காடுகள் ஓடின. வாழப்பாடி தாண்டியது. பிறகு ஒரே ஒருமுறை வாயைத் திறந்தீர்கள்.

"மூணு வாரம் அம்மிணி."

அவ்வளவுதான். அயோத்தியாப்பட்டணம் வந்தது. நான் இறங்கினேன். பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது, நான் தலைநிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை. வந்தேன். நீங்கள் வரப்பில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டு, "மோட்டார் ரூம் தொறந்துதான் கெடக்குது" என்றீர்கள்.

உள்ளே போனேன். மேல்பாகம் கழற்றப்பட்டுத் தயாராக இருந்தது. வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் அந்தப் பின். வேறு எதையும் நீங்கள் தொட்டிருக்கவில்லை. பின்னாலேயே வந்து வாசலில் நின்றீர்கள்.

"மாட்டு."

"நீங்க மாட்டுங்கக்கா."

"நான் மாட்ட மாட்டேன். நாளைக்கு ஒடஞ்சா மறுக்காவும் என்ற கையத்தான் பாத்துட்டிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னென்னவோ சொன்னேன். ஆபீஸ், குளிர்சாதன அறை, டெஸ்பாட்ச். உங்களுக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதானே என்றேன்.

நீங்கள் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினீர்கள். "யாரு சொன்னது? எனக்குக் காடு இருக்குது, மாடு இருக்குது, உங்க மாமா இருக்காரு. நீ கம்ப்யூட்டர் ரூமுக்குப் போயிட்டே, நான் டெஸ்பாட்சுக்குப் போயிட்டேன். இந்த மெஷினு இல்லாட்டி நீ எதுக்கு மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறுவே? அதுக்குத்தான் இதைக் கட்டி இளுத்துட்டு வந்தேன். கிறுக்குப் புள்ள."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னை எடுத்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"இனிமே இங்க கை வேல செஞ்சா வாயும் வேல செய்யோணும். எதைத் தொடறமோ அதச் சொல்லிட்டுத் தொடோணும். நானும் சொல்றேன், நீயும் சொல்லு. செரியா?"

"பின்ன வெக்கறேன்க்கா" என்றேன்.

"வெய்யி."

"தகட்ட மேல வெக்கறேன். ஸ்க்ரூவப் போடறேன்."

"போடு. சாஸ்தி இறுக்காத."

அன்று கரண்ட் பதினோரு மணிக்கு வந்தது. முதல் கார்டை நீங்கள் தட்டினீர்கள். விரல்கள் எழுத்துப் பலகையைப் பார்க்கவே இல்லை. ஏழு, ஏழு, ஏழு. கார்டின் எண்பது இடத்திலும் ஏழு. ஒரே கோடாக எண்பது ஓட்டை. கிணற்றடி வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தபோது உங்கள் முகத்தில் எண்பது சின்னப் புள்ளிகளாக வெயில் விழுந்தது. டெஸ்பாட்சில் பண்டல் ஒட்டுகிறவரின் கை அது. எங்கள் குளிர்சாதன அறையில் அந்த வேகம் யாருக்கும் இருந்ததில்லை.

இரண்டாம் கார்டில் மாமாவின் பெயர் விழுந்தது. அவர் அதை ரிக் வண்டியின் முன்கண்ணாடியில் செருகிவைத்தார். பீகாருக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் அது போய் வந்தது. செக்போஸ்டில் என்னவென்று கேட்டால், "என்ற பேருங்க. என்ற ஊட்டுக்காரி அடிச்சது" என்று தமிழிலேயே பதில் சொல்வாராம்.

கடுதாசி போட்டதும் ஆத்தூர்ப் பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. உட்கார்ந்து நிதானமாக ஒரு கார்டு முழுக்கத் தன் பழைய மாணவிகளின் பெயர்களை அடித்தார். தப்பே இல்லை. போகும்போது வாசலில் நின்று, "என்னோடதயும் எடுத்துக்கிட்டு வந்துருங்கம்மா. பானைக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த மழைக்காலத்தில் ரிக் வண்டி ஆத்தூர் போனது.

அப்படித்தான் நம் சேகரிப்பு தொடங்கியது. கார்டுகளைப் பிரித்து அடுக்குகிற இயந்திரம் ஒன்று எடப்பாடிப் பக்கத்தில் ஒரு குடோனில் கிடைத்தது. அதன்மேல் நூல் கோன்கள் அடுக்கியிருந்தார்கள். தந்தி ஆபீஸ்களில் ஓடுகிற மாதிரி டெலிபிரிண்டர் ஒன்று வந்தது. எண்பதுகள் முடிகிற சமயத்தில், டிவியில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று, ஓடாது என்று யாரோ தூக்கிப் போட்டது. மோட்டார் ரூமை ஒட்டிச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கினீர்கள். மழைக்கு ஒதுங்க வந்த ஆட்கள் ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு, "இது என்ன மில்லுங்க?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஓட்டற மில்லு இல்லீங்க. சும்மா ஓடற மில்லு" என்றீர்கள்.

கம்ப்யூட்டர் ரூமில் என்னென்ன இருக்கிறது என்று வாராவாரம் உங்களுக்குச் சொன்னேன். முதல் நாள் நீங்கள் கேட்டுக்கொண்டது அதுதானே. நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நான் திங்கட்கிழமை எஞ்சினியரிடம் போய்க் கேட்பேன். அவர் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகன் நல்லபடியாக இருக்கிறான். மோட்டார் ரூமை அப்படியே வைத்திருக்கிறான். "எப்ப வேணாலும் வாங்க சின்னம்மா" என்று சொல்லியிருக்கிறான். மாதம் ஒருமுறை போகிறேன். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரையும் அதோடு சேர்ந்த ஃப்ளாப்பி டிரைவையும் மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு காலையில் டிரைவைத் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் என் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. "மேல் தகட்டக் கழட்டறேன். ஒயரப் பிடுங்கறேன். கொக்கிய எடுக்கறேன்." கை நழுவி, கடுகளவு ஸ்பிரிங் ஒன்று தெறித்து எங்கோ போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. "ஸ்பிரிங்க விட்டுட்டேன். என் கைத் தப்பு" என்று உரக்கச் சொன்னேன்.

மாடியில் குடியிருக்கிற பெண் படியில் எட்டிப் பார்த்தாள். "யாருகிட்டம்மா பேசறீங்க?"

"வேலை செய்யறேம்மா. கொஞ்சம் அந்த டார்ச்ச எடுத்துட்டு வா."

அவள் டார்ச்சைப் பிடித்தாள். நான் முட்டி போட்டு, பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். சுவரோரம், ஒட்டடைக்குள் அகப்பட்டது.

மாட்டிவிட்டேன் அக்கா. சுற்றுகிறது.